இங்கிலாந்தில் 'பப்' பாரம்பரியச் சின்னம், இங்கே கள்ளுக்கடை குற்றம்: ஒரே மாதிரி தொடங்கிய கதை எங்கே பிரிந்தது?

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் உள்ளாட்சி மன்றம் ஒரு நோட்டீஸ் அனுப்பியது. இடித்துத் தள்ளிய ஒரு மதுக்கடையை மூன்று ஆண்டுக்குள் பழையபடியே கட்டித் தர வேண்டும் என்பதுதான் உத்தரவு. அந்தக் கடையின் பெயர் 'க்ரூக்கட் ஹவுஸ்', அதாவது கோணல் வீடு. 1765-ல் பண்ணை வீடாகக் கட்டப்பட்டு, 1830-களில் 'பப்' ஆனது. அடியில் நிலக்கரி தோண்டியதால் கட்டடம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அந்தக் கோணலைப் பார்க்கவே ஊர் ஊராகக் கிளம்பி வருவார்கள். 2023 ஆகஸ்டில் அது தீப்பிடித்தது. இரண்டே நாளில் புல்டோசர் வைத்து இடித்துவிட்டார்கள். ஊர் மக்கள் கொதித்துப் போனார்கள், பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வாரக்கணக்கில் அதுதான் செய்தி. ஒரு சாராயக்கடைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நமக்குத் தோன்றலாம்.

அதே 2024-ல், சரியாக நான்கு மாதம் கழித்து, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குக் கண் போனது.

இரண்டு செய்திக்கும் சம்பந்தம் இல்லை என்று தோன்றும். ஆனால் 'ஊருக்குள் உட்கார்ந்து குடிக்கும் இடம்' என்ற ஒன்றை அந்த நாடு எப்படி நடத்தியது, நாம் எப்படி நடத்தினோம் என்று பார்த்தால், இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள். கள்ளுக்குத் தடை ஏன், அது எப்போது வந்தது, மறுபடி திறக்கச் சொல்வோர் என்ன சொல்கிறார்கள், எதிர்ப்போர் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கொடி கட்டிய கடைகள்

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு. யாரோ ஒருவர் தன் வீட்டில் பீர் காய்ச்சி, முன்னறையில் பெஞ்சு போட்டு, வருவோர் போவோருக்கு ஊற்றிக் கொடுத்ததுதான் ஆரம்பம். 1393-ல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், பீர் விற்பவர்கள் வாசலில் அடையாளம் மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. சரக்கின் தரத்தைச் சோதிக்க வரும் அதிகாரிக்குக் கடை எது, வீடு எது என்று தெரிய வேண்டுமே. எழுதப் படிக்கத் தெரியாத காலம் என்பதால் சிங்கம், மணி, கிரீடம் என்று படம் வரைந்து தொங்கவிட்டார்கள். அந்தப் படங்களே பிறகு கடைகளின் பெயராகிப் போயின.

இதைப் படித்தபோது எனக்கு கல்லூரி வகுப்புதான் ஞாபகம் வந்தது. பட்டினப்பாலையிலும் மதுரைக்காஞ்சியிலும் நகரத்தில் பறக்கும் கொடிகளைப் பற்றி ஒரு பட்டியலே வரும். கோயில் கொடி, வெற்றிக் கொடி, வாதம் செய்யும் அறிஞர்களின் கொடி என்று போகும் அந்தப் பட்டியலில், கள் விற்கும் கடையின் கொடியும் சமமாக இடம் பிடித்திருக்கும். இங்கிலாந்து மன்னர் பலகை மாட்டச் சொல்வதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே புகாரிலும் மதுரையிலும் கள்ளுக்கடைக்கு அடையாளக் கொடி இருந்திருக்கிறது.

சங்கப் பாடல்களில் இதற்குப் பெயர்கள் மட்டும் எத்தனை! கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி. இதில் தோப்பி என்பது அரிசியில் வீட்டிலேயே செய்வது, கிட்டத்தட்ட நம்ம ஊர் பீர். பெரும்பாணாற்றுப்படையில் வழிப்போக்கருக்கு விருந்தாகவே இது வருகிறது. அதியமானும் ஔவையாரும் கள்ளைப் பகிர்ந்துகொண்ட கதை பள்ளிப் பாடத்தில் கொஞ்சம் பட்டும்படாமலும் சொல்லப்படும். அதேநேரம் திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. ஆக, குடித்ததும் சரி, வேண்டாம் என்றதும் சரி, இரண்டுமே இந்த மண்ணில் பழசு. மதுவிலக்கு காந்தியோடு வந்தது என்றோ, கள் தமிழரின் தேசிய பானம் என்றோ ஒரே பக்கமாகச் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

திருநாவலூரும் 'ஈழமும்'

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கும் திருநாவலூரை, சுந்தரர் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். பக்தஜனேஸ்வரர் கோயில் அங்கேதான். பராந்தக சோழன் காலத்தில் இளவரசன் இராஜாதித்தன் படையோடு தங்கியிருந்த ஊரும் இதுவே. அதனால் இதற்கு இராஜாதித்தபுரம் என்றும் பெயர் உண்டு. தக்கோலம் போரில் யானை மேலேயே மாண்டுபோன அந்த இராஜாதித்தன்தான்.

சோழர் காலச் செப்பேடுகளைப் பார்த்தால் கள் இறக்குவது ஒரு முறையான தொழிலாகவே இருந்தது தெரியும். அதற்கு வரியும் இருந்தது, பெயர் 'ஈழம்பூட்சி'. இங்கே ஈழம் என்றால் இலங்கை இல்லை. கள்ளுக்கு ஈழம் என்று ஒரு பெயர் உண்டு, அதை இறக்குகிறவர் ஈழவர். தானமாகக் கொடுத்த ஊர்களில் உள்ள தென்னை, பனை மரங்களில் ஈழவர் ஏறக் கூடாது என்று ஆனைமங்கலச் செப்பேடு போன்றவற்றில் விதி வருகிறது. அதாவது அன்றைக்கே சில ஊர்களில் மதுவிலக்கு. மற்ற ஊர்களில் வரி கட்டிவிட்டு இறக்கலாம். அரசுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு ஆயிரம் வருஷமாகவே இப்படி 'ஒரு பக்கம் தடை, ஒரு பக்கம் வருமானம்' என்றுதான் ஓடுகிறது.

இன்னொரு விஷயம். திருநாவலூர்க்காரரான சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் வரிசைப்படுத்திய அடியார்களில் ஏனாதிநாதரும் ஒருவர். அவர் ஈழக் குலத்தவர் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். கள் இறக்கும் குலம் ஒன்றில் பிறந்தவர் அறுபத்துமூவரில் ஒருவராகக் கோயில் பிராகாரத்தில் நிற்கிறார். நாயன்மார் வரிசைக்கு நேராகப் போய்விடுகிற பக்தர்கள் பலருக்கு இது தெரியாது.

வெள்ளைக்காரன் கொண்டுபோன சொற்கள்

ஆங்கிலத்தில் 'டாடி' என்று கள்ளைச் சொல்கிறார்கள் இல்லையா, அது 'தாடி' என்ற இந்திச் சொல்லிலிருந்து போனது. பனைச்சாறு என்று பொருள். இன்றைக்கு ஸ்காட்லாந்தில் சளி பிடித்தால் விஸ்கியில் வெந்நீரும் தேனும் கலந்து குடிக்கும் 'ஹாட் டாடி'க்கும் அதே பெயர்தான். 'பஞ்ச்' என்ற பானத்தின் பெயரும் ஐந்து பொருள் சேர்ப்பதால் 'பாஞ்ச்' என்பதிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிக்காரர்கள் குடித்த கடைகளுக்கு 'பஞ்ச் ஹவுஸ்' என்றே பெயர். குடித்துவிட்டுச் சண்டை, வாள்வீச்சு என்று ரகளை அதிகமானதால், ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்த 1670-களின் கடைசியில் ஓர் அளவு போட்டார்கள். ஒரே நேரத்தில் அரை பைன்ட் சாராயம் அல்லது பிராந்தி, அதற்கு மேல் கூடாது. மீறினால் குடித்தவருக்கு மட்டுமில்லை, ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரருக்கும் அபராதம். மதராஸில் மதுக்கட்டுப்பாட்டு விதி முதலில் வந்தது வெள்ளைக்காரர்களுக்குத்தான் என்று சொன்னால் இன்று சிரிப்பாக இருக்கும்.

இதில் அழகான ஒரு சொல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே கள்ளுக்கடையைத் 'தவறணை' என்பார்கள். 'டேவர்ன்' என்ற ஐரோப்பியச் சொல்லின் தமிழ் வடிவம் அது. இன்றும் வட இலங்கையில் பனை, தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டபூர்வமாகத் தவறணை நடத்துகின்றன. மரம் ஏறுகிறவரே சங்க உறுப்பினர், அவர் இறக்கும் கள்ளைச் சங்கம் வாங்கிக்கொள்கிறது.

கள்ளுக்கடையை உருவாக்கியது பனையின் குணம்

பனையில் பாளை விட்டதும் அதை நசுக்கிக் கட்டி, நுனியைச் சீவி, கலயம் மாட்டிவிடுவார்கள். சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காது. அதுதான் பதநீர், பேச்சு வழக்கில் பதனி. சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் அது கள். போதை பீர் அளவுக்குத்தான் இருக்கும். ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு இருந்தால் சட்டப்படி சரி, இல்லாவிட்டால் கேஸ்.

கள்ளை வைத்திருக்க முடியாது. காலையில் இறக்கியது மறுநாள் புளிப்பு ஏறி வினிகர் பக்கம் போய்விடும். லாரியில் ஏற்றி ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது கஷ்டம். பதுக்கிவைத்து விலை ஏற்றவும் முடியாது. அதனால் மரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடை, அன்றன்றைக்கு இறக்கியது அன்றன்றைக்கே காலி. பனையோலையை மடக்கிப் பட்டை செய்து அதில் ஊற்றிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் மொந்தை. தொட்டுக்கொள்ள அவித்த முட்டை, சுண்டல், கருவாடு, ஆற்றோரம் என்றால் நண்டு. உட்கார்ந்து பேசாமல் குடிக்கும் இடம் இல்லை அது. கூலி வாங்கிய கையோடு வந்து, மழை, மாடு, வழக்கு, பெண் பார்த்த கதை எல்லாம் பேசும் இடம்.

அதற்காக அதைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். அங்கேயும் சாதி இருந்தது, கூலியில் பாதி அங்கேயே போனது, வீட்டில் அடி வாங்கியது பெண்கள். இங்கிலாந்து 'பப்'பிலும் இதே கதைதான். கூலிக்காரனுக்கு ஒரு வாசல், கனவான்களுக்கு மெத்தை போட்ட தனி அறை, அதற்கு விலையும் கூட. பெண்கள் தனியாக உள்ளே போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இரண்டு ஊரிலும் கடை போனாலும் பெயர் போகவில்லை. லண்டனில் 'ஏஞ்சல்', 'எலிஃபன்ட் அண்ட் காசில்', 'ஸ்விஸ் காட்டேஜ்' என்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன. எல்லாமே பழைய மதுவிடுதிகளின் பெயர். நம்ம ஈரோட்டில் கள்ளுக்கடை மேடு இருக்கிறது. எத்தனையோ ஊர்களில் 'கள்ளுக்கடை ஸ்டாப் இறங்கு' என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார், கடை மூடிப் பல பத்தாண்டு ஆன பிறகும்.

பீரா, ஜின்னா? இங்கிலாந்து எடுத்த முடிவு

18-ம் நூற்றாண்டு லண்டனில் ஜின் வெள்ளமாக ஓடியது. மலிவு விலை, கடும் போதை, மூலைக்கு மூலை கடை. சாவு, குழந்தைகளைக் கைவிடுவது, குற்றம் எல்லாம் பெருகின. 1751-ல் ஓவியர் வில்லியம் ஹோகார்த் இரண்டு படம் வரைந்தார். 'பீர் தெரு'வில் எல்லோரும் கொழுகொழுவென்று உழைக்கிறார்கள், 'ஜின் சந்து'வில் தாயின் மடியிலிருந்து குழந்தை தவறி விழுகிறது. கொஞ்சம் பிரசாரம்தான். ஆனால் அதே ஆண்டு வந்த ஜின் சட்டம் கண்ட இடத்தில் ஜின் விற்பதைக் கட்டுப்படுத்தியது.

1830-ல் இன்னொரு படி போனார்கள். பீர்க்கடைச் சட்டம். இரண்டு கினி கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். காய்ச்சி வடித்த கடும் சரக்கிலிருந்து மக்களை இழுத்து, மென்மையான பீருக்குக் கொண்டுவருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இன்று 'பாரம்பரியம்' என்று காட்டப்படும் தெருமுனை 'பப்'புகளில் ஏராளமானவை இந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்தவைதான். நாட்டிங்ஹாமில் மலையைக் குடைந்து கட்டிய 'யி ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்' கடை, சுவரில் 1189 என்று பெரிதாக எழுதிவைத்திருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்பது வரலாற்று ஆய்வாளர்கள் கருத்து. 'எங்கதுதான் பழசு' என்று சண்டை போடும் கடைகள் அங்கே அரை டஜனுக்கு மேல். நம்ம ஊர் பிரியாணிக் கடை மாதிரிதான்.

2011-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒரு 'பப்'பை 'சமூகச் சொத்து' என்று பதிவு செய்ய ஊர் மக்களே மனு கொடுக்கலாம். விற்பனைக்கு வந்தால் விலைக்கு வாங்கப் பணம் திரட்ட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

சட்டம் வந்து மூடியதும் திறந்ததும்

பிரிட்டிஷ் ஆட்சியில் 1886-ல் மதராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மர வரி, கடைக்கு ஏலம். யார் அதிக ஏலம் கேட்கிறாரோ அவருக்குக் கடை. அரசுக்கு இது கொழுத்த வருமானம். சிறு தொழிலாக இருந்ததில் பெரிய காண்ட்ராக்டர்கள் நுழைந்ததும் அப்போதுதான்.

காங்கிரஸ் போராட்டத்தில் கள்ளுக்கடை மறியல் இந்த வருமானத்தின் மேல் கை வைத்த போராட்டம். 1921-ல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் இறங்கினார்கள். சேலம் தாதம்பட்டியில் தனக்குச் சொந்தமான தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார்.

1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து சித்தூர், கடப்பா, வடஆர்க்காடு. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். நாம் இன்று கட்டும் ஜிஎஸ்டியின் கொள்ளுத்தாத்தா அதுதான், பிறந்ததே கள்ளுக்கடையை மூடியதால். உலகப் போர் நேரத்தில் மதுவிலக்கு நின்றுபோனது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

அதற்குப் பிறகு நடந்தது மூடு, திற, மூடு என்று ஒரு கண்ணாமூச்சி. 1971 ஆகஸ்ட் 30-ம் தேதி கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1973-ல் கள்ளுக்கடை மூடல், 1974-ல் சாராயக்கடை மூடல். 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் மறுபடி அனுமதித்தது. 1983-ல் 'டாஸ்மாக்' நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 1987 ஜனவரி 1 முதல் கள், சாராயம் இரண்டுக்கும் தடை. ஆனால் பிராந்தி, விஸ்கி, ரம் போன்ற 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது' தொடர்ந்தது. 1990-ல் மலிவு விலை மது வந்து, 1991-ல் ஜெயலலிதா அதை ஒழித்தார். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இதில் முக்கியமான திருப்பம் 1987-தான். இங்கிலாந்து கடும் சரக்கைக் கட்டுப்படுத்தி மென்மையானதை அனுமதித்தது. நாம் மென்மையானதையும் மூடி, சாராயத்தையும் மூடி, ஆலையில் தயாராகும் கடும் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். ஏன்? அரசு தரப்பில் சொல்லப்படும் காரணம் கலப்படமும் ஏழைக் குடும்பங்களின் பாதிப்பும். ஆனால் கணக்கு ரீதியாகவும் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களில் சொட்டும் கள்ளுக்கு வரி வசூலிப்பது தலைவலி. சில ஆலைகளின் வாசலில் நின்று வசூலிப்பது சுலபம். 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய்.

வேடிக்கை என்னவென்றால், இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்தான். கள்ளின் மேல் தடை அந்தச் சட்டத்தில்தான். டாஸ்மாக் கடைகள் இயங்குவதும் அதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்.

கல்வராயன் மலையும் கருணாபுரமும்

திருநாவலூரிலிருந்து கள்ளக்குறிச்சி 50 கி.மீ. சொச்சம். பண்ருட்டி அதைவிடப் பக்கம். 2001-ல் பண்ருட்டிப் பகுதியில் விஷச் சாராயம் குடித்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20-க்கும் மேற்பட்டோர். 2024-ல் கருணாபுரம். பழைய தென்னார்க்காட்டின் வரைபடத்தில் கொஞ்ச தூரத்துக்குள் திரும்பத் திரும்ப இதே சாவு.

கள்ளக்குறிச்சி என்றதும் எல்லோரும் கல்வராயன் மலையைக் கை காட்டுகிறார்கள். மலையில் வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறல் வைத்துச் சாராயம் காய்ச்சுவது உண்மைதான். லிட்டர் லிட்டராக ஊறலைப் போலீஸ் கொட்டி அழிப்பதும் வழக்கமான செய்தி. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்து, அதற்குப் பிறகுதான் முழுமையாக அரசின் கீழ் வந்த மலை அது. ரோடு, ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. கருணாபுரம் சம்பவத்துக்குப் பிறகு மலைவாழ் மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மலைச் சாராயம் இல்லை. மெத்தனால். பெயின்ட், வார்னிஷ் தொழிலில் பயன்படும் ரசாயனம். பார்க்கவும் முகரவும் சாதாரண ஆல்கஹால் மாதிரியே இருக்கும், விலையும் குறைவு. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம் முதலில் தாக்குவது கண் நரம்பை. சுத்த மெத்தனால் 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

கொடுமை என்னவென்றால் அறிகுறி உடனே தெரியாது. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் அடுத்தவரும் அதே பாக்கெட்டைப் பிரித்திருப்பார். கருணாபுரத்திலும் முதல் சாவுகளுக்குக் காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்றே அதிகாரிகள் தரப்பில் ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வெளியாகின. குடித்த பிறகு பார்வை மங்கினால், பனி மூடின மாதிரி தெரிந்தால், வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் இருந்தால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன குடித்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரம்தான் இல்லை. கள்ளச்சாராயம் விற்பது தெரிந்தால் 10581 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

கருணாபுரம் சம்பவத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனையைக் கூட்டினார்கள். 2024 நவம்பரில் வழக்கை சிபிஐ-க்கு மாற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கள் திறந்தால் இது நிற்குமா?

கள் இயக்கத்தினர், விவசாயச் சங்கங்கள் சொல்வது: கள் உணவுப் பொருள், மருந்தில்லாத மது, பனையேறிகளுக்குப் பிழைப்பு, கூலிக்காரர்களுக்கு மலிவு. டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவர்கள்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார்கள், அவர்களுக்குக் கள் கிடைத்தால் போக மாட்டார்கள். கேரளத்தில் கள்ளு ஷாப் மீன் கறிக்கும் கப்பைக்கும் குடும்பத்தோடு போகும் இடமாகிவிட்டதே என்று காட்டுகிறார்கள். 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் சீமானே பனை ஏறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினார்.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் லேசில் தள்ள முடியாது. மரத்தில் இருக்கும்வரை கள் சுத்தம்தான், கடைக்கு வந்ததும்? தேவை கூடும்போது தண்ணீர் ஊற்றி, போதைக்காகக் குளோரல் ஹைட்ரேட், தூக்க மாத்திரை கலப்பது அண்டை மாநிலங்களில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. டாஸ்மாக்கோடு இன்னொரு கடை கூடுமே தவிர, ஒன்று இன்னொன்றைக் குறைக்காது என்று பெண்கள் அமைப்புகள் கேட்கின்றன. மதுவிலக்கை நோக்கிப் போக வேண்டும் என்று அரசியலமைப்பின் 47-வது பிரிவும் அரசுக்கு வழி காட்டுகிறது.

என் கணிப்பில், இரண்டு பக்கமும் பேசாமல் விடுவது பனையேறியைப் பற்றி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, தை மாசியில் தொடங்கினால் ஆடி வரை. கீழே விழுந்தால் முதுகெலும்பு. அடுத்த தலைமுறை ஏற மறுக்கிறது, அதில் தப்பு சொல்ல முடியாது. பனை நம் மாநில மரம், வெட்ட வேண்டும் என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். மரத்தைக் காப்பாற்ற உத்தரவு போட்டாயிற்று. ஏற ஆள் இல்லாவிட்டால், நாளைக்குக் கள்ளைத் திறந்தாலும் இறக்குவது யார்?

இப்போதைய நிலவரம் இதுதான். பதநீர் இறக்கலாம், தென்னை நீராவுக்கு 2017-ல் அனுமதி கிடைத்தது, கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. திருநாவலூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் புதுச்சேரி எல்லை. அங்கே கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு, சாராயக்கடைக்கும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டு வரலாம். மிச்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால், சோதனைச் சாவடியில் 1937-ம் வருஷத்துச் சட்டத்தில் கேஸ்.